வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

மகளே,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா முகாம் வாசலுக்கு உன்னைப் பார்க்க வரும்போது முறுக்கு டின்னோடு சேர்த்துக் கொண்டுவருவாள். வழியில் அவள் வாசித்தாலும் வாசிக்கட்டும். வாசலில் பையைச் சோதிக்கிறவர்களில் யாருக்காவது தமிழ் தெரிந்தால் அவர்களும் வாசிக்கட்டும். உன் மேலதிகாரி சேருக்கு நீயே சிங்களத்தில் சொல்லிக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இத்தனை வருடம் மாத்தளையில் நீதிமன்றத்துக்கு எதிரே மேசை போட்டு அடுத்தவர்களுக்கு மனு, பெட்டிசம் எழுதிக் கொடுத்த நான், எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், நான் வைத்துவிடுவேன். நம் இரண்டு பேருடைய பேச்சுவார்த்தையெல்லாம் அப்படித்தானே முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. முறுக்கில் கை வைப்பதற்கு முன்னால் இதை வாசித்து முடி. திங்கட்கிழமை காலை உன் சேர் லீவு முடிந்து வருகிறார் என்று சொன்னாய். அதற்கு முன் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் நீ லீவில் வந்திருந்தபோது சோறு சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சந்தோஷச் செய்தியைச் சொன்னாய். இராணுவப் பொலிஸ் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் உன்னைக் குற்ற விசாரணைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். "ஆமிக்குள்ள நடக்கிற களவு, அடிதடி, துப்பாக்கி காணாமப் போறது, எல்லாத்தையும் நாங்கதான்ப்பா விசாரிப்போம்" என்றாய். உன் அம்மா இன்னொரு துண்டு மீனை உன் தட்டில் வைத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். அதன் பிறகுதான் நீ அந்தப் பற்றரிக் கதையைச் சொன்னாய்.

"வாகன ஸ்டோர்ல ரெண்டு பற்றரி காணோம்ப்பா. பசறைப் பக்கத்துப் பையன் ஒருத்தன், புதுசா சேர்ந்தவன், அவன்தான் அன்னைக்கு அங்க டியூட்டி. சிங்களம் சரியா வராது. சேர் என்னையக் கூப்பிட்டு, நீ கேளு, நான் எழுதிக்கிறேன்னாரு. அவன் என்னென்னமோ சொன்னான், ஸ்டோர் கோப்ரல் சொன்னாரு அது இதுன்னு. சேர், தேவையானதை மட்டும் சொல்லுன்னாரு. சொன்னேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. நீ ரொம்ப வேகம்னு சேர் சொன்னாரு. என் பேரைப் பயிற்சிக்குப் போட்டதே அதனாலதான்."

"எடுத்ததை ஒத்துக்கிட்டானா?" என்று உன் அம்மா கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டினான்ம்மா."

நான் கேட்டேன், எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினீர்களா என்று. நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "டைப் பண்ணக் குடுத்திருக்குப்பா. திங்கக்கிழமை சேர் வந்ததும் அவன் கையெழுத்து வைப்பான். மொழிபெயர்த்தது நான்னு கீழ நானும் வைப்பேன். அவ்வளவுதான். எதுக்கு முகத்தை அப்படி வச்சிருக்கீங்க?"

கறியில் உப்பு அதிகம் என்றேன். உன் அம்மா கோபித்துக்கொண்டாள். கறியில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

நீ திரும்பிப் போன அன்று பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தேன். ஆட்டோவில் வரும்போதே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். கண்டி பஸ் நிரம்பும் வரை கால் மணித்தியாலம் பக்கத்தில் நின்றேன். அந்தக் கால் மணித்தியாலமும் உன் பையின் சிப் சரியாக மூடவில்லை, இப்படியா பையை அடுக்குவது, ஆமியில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்று திட்டிக்கொண்டிருந்தேன். பஸ் நகரும்போது நீ ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாய். அன்றிலிருந்து மேசையில் உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. ஒரு மனுஷிக்குப் பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக உன் பெயரை எழுதிவிட்டேன். அவள் நல்ல மனுஷி, சிரித்துவிட்டுப் போனாள்.

நீ ஆமியில் சேரப் போவதாக விண்ணப்பப் படிவத்தை என் மேசையிலேயே கொண்டுவந்து வைத்து, "நிரப்பிக் குடுங்கப்பா" என்று கேட்ட நாளை நான் மறக்கவில்லை. ஊரில் உள்ள எல்லாருக்கும் படிவம் நிரப்புகிறவன் உனக்கு நிரப்ப மாட்டேன் என்றேன். நீயே நிரப்பினாய். நான்கு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். சொந்தக்காரர்கள், "நம்ம புள்ள போய் ஆமியிலயா?" என்று கேட்டபோது, "அரசாங்க வேலைதானே" என்று சொல்லி வாயை அடைத்தேன். உள்ளே எனக்கு வேறு பயம். யுத்த காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடையாள அட்டையை நீட்டியபடி எத்தனை வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு தடவை சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் உன் கன்னத்தைத் தட்டி ஒரு டொபி கொடுத்தான். வயதில் சின்னவன், அவனுக்கும் வீட்டில் ஒரு தங்கச்சி இருந்திருக்கும். பஸ் ஏறியதும் நான் அதை உன் கையிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்தேன். நாவுல டவுன் வரும் வரை நீ அழுதாய். நான் அப்படிப் பயந்து வளர்ந்தவன், உன்னையும் அப்படியே வளர்க்கப் பார்த்தேன். நீ அதற்கு அடங்கவில்லை. அது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

துருவித் துருவிக் கேட்கிற குணம் உனக்குச் சின்னதிலிருந்தே இருக்கிறது. உனக்கு ஒன்பது வயது. தேர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் உன் புதுச் செருப்பு காணாமல் போனது. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ராணியைப் படியில் உட்கார வைத்து, எதிரில் நின்று, கண் இமைக்காமல் பார்த்து, "நீதானே எடுத்த? நீதானே எடுத்த?" என்று ஒரு மணித்தியாலம் கேட்டாய். அவள் உன்னைவிட இரண்டு வயது சின்னவள். கடைசியில் அழுதுகொண்டே ஆமா என்றாள். நீ என்னிடம் ஓடி வந்து வழக்கை வென்ற மாதிரி சொன்னாய். மறுநாள் காலையில் ஆட்டோக்காரர் உன் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். பிறகு ஏன் எடுத்தேன் என்று சொன்னாய் என்று ராணியைக் கேட்டேன். "அப்பத்தான் அக்கா வீட்டுக்குப் போக விடுவாங்கன்னு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மகளுடைய மூளையைப் பாருங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அவளிடம் மன்னிப்புக் கேட்க வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. ஒருத்தர் ஆமா என்று சொல்வது எதற்காகவெல்லாம் இருக்கலாம் என்று உனக்குச் சொல்லிக் கொடுக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

இனித்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப் போடத்தான் என்று உனக்கு விளங்கியிருக்கும். நீ விசாரணைக்காரியாகப் போகிறவள்.

உனக்கு ஏழு வயதாக இருந்த காலத்தில், எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எந்த நிலையம் என்று எழுத மாட்டேன். தமிழ் ஆட்களிடம் வாக்குமூலம் எடுக்க வேண்டி வந்தால் அங்கிருந்த சார்ஜன்ட் என் மேசைக்கு ஆள் அனுப்புவார். "மாத்தயாவை வரச் சொன்னார்" என்று, சிங்களத்தில் ஐயா போட்டு, வந்து நிற்பார்கள். போனால் எனக்குக் கதிரை போடுவார்கள். இன்றைக்கு நீ சிரிப்பாய். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பொலிஸ் நிலையத்துக்குள் தன் காலால் நடந்துபோய், கதிரையில் உட்கார்ந்து, பால் போடாத பிளேன்டி குடித்துவிட்டு வெளியே வருவது என்றால் சின்ன விஷயம் இல்லை. நான் வெளியே வரும்போது ரோட்டில் நிற்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்று மெதுவாகத்தான் படி இறங்குவேன். வெறும் பவிசு மட்டும் என்று நினைக்காதே. உன் சித்தப்பாவை ஒரு தடவை தங்கியிருந்த லொட்ஜில் வைத்துச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனபோது, சார்ஜன்ட் என் முகத்துக்காக அன்று பின்னேரமே விட்டார். கூடப் பிடிபட்ட மற்றப் பையன்கள் வெளியே வர மாதக்கணக்கானது. அந்தக் கதிரை நம் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு என்று நான் நினைத்தேன். அது போய்விடக் கூடாது என்று எனக்குப் பயம் இருந்தது.

ஒரு மழை நாள் பகலில் கூப்பிட்டார்கள். ரத்தோட்டைப் பக்கத்து மிளகுத் தோட்டம் ஒன்றில் காய்ந்த மிளகு இரண்டு மூட்டை களவு போயிருந்தது. அங்கே வேலை செய்த சோலைமுத்து என்பவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். செருப்பில்லாமல், இடுப்பில் நனைந்த சாரத்தோடு நின்றான். என்னைக் கண்டதும் அவன் முகம் மாறியது. தமிழில் ஒரு ஆள் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பான். சார்ஜன்ட் கேட்கச் சொன்னதை நான் கேட்டேன். அவன் சொன்னான்: "சின்ன ஐயா வந்து, ரெண்டு மூட்டையையும் ரோட்டுல நிக்கிற வேன்ல ஏத்துடான்னாருங்க. ஏத்தினேன். எங்க போகுதுன்னு நான் கேக்கலீங்க. மொதலாளி மகன்கிட்ட அப்பிடிக் கேக்க முடியுங்களா?"

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அது மட்டும் உண்மை, அதுவரைக்கும் நான் சரியாகத்தான் செய்தேன். சார்ஜன்ட் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "மாத்தயா, தேவையானதை மட்டும் சொல்லுங்கள். மூட்டையைத் தூக்கி வேனில் ஏற்றியது இவன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அதை எழுதினார். மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகச் சிங்களம் வாசிக்க எனக்கு வரும். எங்கள் தொழிலில் அது பழகிவிடும். சின்ன ஐயா என்ற ஆளே அந்தத் தாளில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அடியில், வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டார் என்ற வரியையும் அவரே எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார். சார்ஜன்ட் ரொம்பக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தோட்டக்காரருக்கும் இடையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வேலை முடிய வேண்டும்.

சோலைமுத்து தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். "நான் சொன்னதுதானே ஐயா எழுதியிருக்கு?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, பார். அவன் பேனையை இறுக்கிப் பிடித்துத் தன் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். கீழே நான் கையெழுத்து வைத்தேன். பிளேன்டி வந்திருந்தது, குடித்தேன்.

அன்றைக்கு உனக்குக் காய்ச்சல், அவசரமாக வீட்டுக்கு வர வேண்டியிருந்தது என்று ஒரு சாக்கு எனக்குள் இருந்தது. நான் எத்தனையோ தடவை அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் உனக்கு அன்று காய்ச்சல் இல்லை. நீ பள்ளிக்கூடம் போய் வந்து திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தாய். எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. அந்த ஐந்து வரியை வாசித்துக் காட்ட இரண்டு நிமிடம் போதும்.

வழக்கு முடியும் வரை அவனை விளக்கமறியல் சிறையில் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவன் பெண்சாதி கைப்பிள்ளையோடு என் மேசைக்கே வந்தாள். மாத்தளையில் பெட்டிசம் எழுதுகிற ஆள் நான்தான் என்று யாரோ காட்டிவிட்டிருக்கிறார்கள். அன்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தது நான் என்று அவளுக்குத் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் களவு எடுக்கலன்னு பெரிய ஆட்களுக்கு எழுதிக் குடுங்க ஐயா" என்றாள். எழுதினேன். இரண்டு பக்கம். நான் எழுதியதிலேயே அழகான சிங்களம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏழைக் குடும்பம், பால்குடிக்கிற பிள்ளை, நன்னடத்தை எல்லாம் எழுதினேன். ஸ்டேஷனில் அவன் சொன்னதை எழுதவில்லை, எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டவுமில்லை என்ற ஒரு வரியை மட்டும் சேர்க்கவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் அந்தப் பெட்டிசத்தில் வேலை இருந்தது. அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். வழக்கு இழுபட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்ல, ஒப்புக்கொண்டான். வெளியே வந்தபோது வேலையும் இல்லை, தோட்டத்தில் குடியிருந்த லயக் காம்பிராவும் இல்லை. வில்கமுவப் பக்கம் வயல் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பெருமூச்சு விட்டேன். தூரமாகப் போய்விட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது, மகளே. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டு வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் இல்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நீ அதே வார்த்தையை, தேவையானதை மட்டும் என்று சொன்னபோது, எனக்குச் சார்ஜன்டின் குரல்தான் கேட்டது. நேற்று, புதன்கிழமை, மேசையைப் போடாமல் வில்கமுவைக்குப் போனேன். நாவுலவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் நின்றேன். கடைசித் தூரம் அவனைத் தெரிந்த ஒரு ட்ராக்டர்காரர் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். சோலைமுத்து வாய்க்கால் கரையில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. அவனுக்கு என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "அட, மாத்தள ஐயாவா? எங்க வீடு தேடியா வந்தீங்க?" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பெண்சாதி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு தூணோரம் நின்றாள், உட்காரவில்லை.

நான் ஆரம்பிக்கிறதற்கு முன்னால் அவனே ஆரம்பித்தான். "அன்னைக்கு நீங்க வந்ததாலதான் அடி விழாம தப்பிச்சேன் ஐயா. என் வாய்தான் என்னையக் கெடுத்துருச்சு. பயத்துல நாக்கு குழறிப் போச்சு. சின்ன ஐயாதான் ஏத்தச் சொன்னாருன்னு சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம். ஆனா சொல்லியிருந்தா நீங்க எழுத வச்சிருப்பீங்கள்ல? அப்ப நான் சொல்லவே இல்லப் போல. இத்தனை வருஷமா இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இவகூடத் திட்டுவா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாமப் போச்சேன்னு."

நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். வாயைத் திறந்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவன் ஒரு பை நிறையப் பாசிப்பயறு கட்டிக் கொடுத்து, பெரிய ரோடு வரை தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இன்று காலையில் உன் அம்மா அந்தப் பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு வைத்தாள். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

அவனுக்கு நான் செய்தது என்ன என்று நேற்றுத்தான் எனக்கே விளங்கியது. வேலை போனது, வீடு போனது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவன் தன் வாயையே நம்பாமல் போய்விட்டான். என்னை நம்பினான், தன்னைச் சந்தேகப்பட்டான். ஒரு மனிதனிடமிருந்து எடுக்கக் கூடாததை நான் எடுத்துவிட்டேன். எடுத்தது எனக்கே தெரியாமல் இத்தனை வருடம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

உன்னை ஏன் இப்படிப் பயமுறுத்துகிறேன் என்று கேட்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான். உனக்குச் சூட்டிகை போதாது, மூளை போதாது என்ற பயம் இல்லை. உன்னை எதற்காக எடுத்தார்கள் என்று கொஞ்சம் யோசி. வேகம் என்று சேர் சொன்னாராம். அந்தப் பையன் கோப்ரலைப் பற்றி என்னமோ சொன்னதை நீ இரண்டு கையால் தள்ளிவிட்டதால்தான் பத்து நிமிடத்தில் முடிந்தது. உன் சேர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு அது கேட்கவில்லை, உனக்குத்தான் கேட்டது. அந்த அறையில் அவன் சொன்னது முழுவதும் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். உனக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள், அம்மாடி. அது எவ்வளவு சொகுசாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு அது லேசில் கிடைப்பதில்லை என்பதும் தெரியும். எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்ற நடுக்கம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

அந்தப் பையன் உண்மையிலேயே பற்றரியைத் திருடியிருக்கலாம். நான் அவனுக்கு வக்கீல் இல்லை. கோப்ரல் மேல் பொய் சொல்லியும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உன் வேலை. ஆனால் அவன் சொன்னது தாளில் இல்லையென்றால் நீ எதைக் கண்டுபிடிப்பாய்?

திங்கட்கிழமை தாள் வந்ததும் அவனைக் கூப்பிடச் சொல். உட்கார வை. நின்றுகொண்டிருக்கிறவன் எல்லாவற்றுக்கும் ஆமா என்றுதான் சொல்வான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசி. அவன் உன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினால் அதைக் கணக்கில் எடுக்காதே, நிறுத்து. "தம்பி, இப்ப நான் என்ன வாசிச்சேன்னு நீ சொல்லு" என்று கேள். அவன் வாயால் வரட்டும். கோப்ரலைப் பற்றிச் சொன்னதையும் கேள், சொன்னால் எழுதச் சொல். முதல் தடவை நான் முழுவதையும் சொல்லவில்லை சேர், என் பிழை என்று நீயே சொல்ல வேண்டும். சத்தம் போடுவார்கள். கோப்ரல் முறைப்பார். அவருடைய ஆட்கள் உன்னைச் சும்மா விடுவார்களா என்றும் எனக்குத் தெரியாது. பயிற்சிக்குப் போகிற பட்டியலில் இருந்து உன் பெயரை அடித்தாலும் அடிப்பார்கள். அப்படி அடித்துவிட்டால் அழாதே. வீட்டுக்கு வா. நான்கு மாதம் பேசாமல் இருந்த அப்பா பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன். உன் பையின் சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இல்லை, பயிற்சிக்கு அனுப்பினார்களென்றால் சந்தோஷமாகப் போ. நீ நல்ல விசாரணைக்காரியாக வருவாய் என்று நான் நம்புகிறேன். அதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ தெரியாது. போன் எடுக்காமல் விட்டாலும் அதை நான் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எனக்கும் திங்கட்கிழமை ஒரு வேலை இருக்கிறது. காலை முதல் பஸ்ஸில் வில்கமுவைக்குப் போகிறேன். இந்தத் தடவை தேத்தண்ணி வருவதற்கு முன்னால், உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். அவன் பெண்சாதியும் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். அதற்குப் பிறகு அவன் என்னை அடிக்கலாம், காறித் துப்பலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். இழுத்தால் சாட்சி சொல்வேன். அவனுக்கு நான் திருப்பிக் கொடுக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான். அதை முதலில் உன்னிடம் எழுதி வைக்கிறேன், வழியில் எனக்கு ஏதும் ஆகிவிட்டால் நீ போய்ச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

அவனுக்கு நாக்குக் குழறவில்லை. சின்ன ஐயாதான் ஏற்றச் சொன்னார் என்று அவன் சொன்னான், மகளே. தெளிவாகச் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து, எனக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, திரும்பவும் சொன்னான். பேனையைக் கையில் கொடுத்த பிறகும் ஒரு தடவை சொன்னான்.

அப்பா